இடது பக்கம் பிரித்துவிட்ட ஜாக்கெட்டுகள்

மாடக்கண்ணுக்கு முதலில் துரோகம் செய்தவன் செவல்பட்டி வெயிலுமுத்து. அதற்குப் பிறகு துரோகம் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு, தையல் மெஷினை இரவல் வாங்கிப் போய் ஊசியை முறித்துக் கொடுத்த பெரியப்பா மகன், தீபாவளிக்கு முந்தின நாள் இருபது ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்காமல் ஓடிப்போன கூட்டாளி, கடைக்கு முன்னால் தகரம் இறக்கி வெளிச்சத்தை மறைத்த டீக்கடைக்காரர் என்று வரிசை நீளமானது, ஆனால் அவர்கள் எல்லாரும் வெயிலுமுத்துவுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள், முதல் இடத்தை இருபது வருடமாக அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வெயிலுமுத்து அவருடைய மனைவி பூவம்மாளின் அண்ணன், வயதில் மூத்தவன், நேரில் பார்த்தால் மச்சான் என்றுதான் கூப்பிடுவார், மனசுக்குள் மட்டும் அவன், இவன்.

துரோகம் நடந்தது பெண் பார்க்கப் போன அன்று. மாடக்கண்ணுவின் அப்பா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணோட தாயாரு எதுல தவறுனாக?"

"பாம்பு கடிச்சிட்டு" என்றான் வெயிலுமுத்து.

"மூத்த பொண்ணு ஒண்ணு இருந்துச்சாமே?"

"அவளையும் பாம்புதான்."

பருத்திக்காடு, பாம்பு இருக்கத்தானே செய்யும் என்று அப்பா முறுக்கைக் கடித்தார். அந்தப் பக்கத்தில் பெண் எடுக்கப் போகிறவர்கள் நகை எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் செத்தவர்கள் எதில் செத்தார்கள் என்று கேட்பார்கள், பெண் கொடுக்கிறவர்கள் பாம்பு, இடி, காமாலை, கிணறு என்று நாலைந்து சாவுகளைத் தயாராக வைத்திருப்பார்கள், கேட்டவர்கள் வீட்டிலும் அதே மாதிரி இரண்டு இருக்கும் என்பதால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். அப்படித்தான் பூவம்மாள் பனங்குளத்துக்கு வந்தாள், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த லேடீஸ் டெய்லர் கடைக்காரருக்குப் பெண்டாட்டியானாள், ஒரு மகளைப் பெற்றாள், கல்யாணமாகிப் பதினோராவது வருடம் ஒருநாள் தன் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்து, "இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கி, ஒரு அரை இஞ்சு பிரிச்சு விடுங்க" என்றாள்.

ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் அளவு எடுத்த கை அது, இடுப்பு ஒரு இஞ்சு கூடினால் மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிற கை, ஆனாலும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. பிரித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு அரை இஞ்சு. அதற்குப் பிறகு இன்னொரு அரை இஞ்சு. நாலாவது தடவை அவள் வந்தபோது பிரித்துவிட உள்ளே துணி இல்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அங்கே டாக்டர்களும் இனிப் பிரிக்க ஒன்றுமில்லை என்பதைப் போலத்தான் பார்த்தார்கள். முப்பத்து நாலு வயதில் அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது செவல்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு, "ஆத்தாளத் தின்னது அக்காளத் தின்னு, உன்னையும் தின்னுட்டே தாயி" என்று பாடினாள், வெயிலுமுத்து ஓடிவந்து அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனான். மாடக்கண்ணு எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் புரிந்துகொண்டார். அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை, ஏனென்றால் எட்டு வயது மகள் சண்முகக்கனி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், நாளைக்கு அவளையும் ஒருவன் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும், எனவே துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் "மஞ்சக்காமாலை" என்றார். மகளிடமும் அதையே சொன்னார். பதிமூன்று வருடம் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா தங்கபுஷ்பத்திடமும் அதையே சொன்னார்.

சண்முகக்கனிக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தன. இப்போதைக்கு இன்னொன்று வேண்டாம் என்று அவள் நினைத்தாள், ஆனால் ஆபரேஷன் செய்துகொள்ள முடியாது, பேரன் வந்தே ஆக வேண்டும் என்று தங்கபுஷ்பம் இருந்தாள். புருஷன் லாரியில் போகிறவன், வீட்டுக்கு வரும்போது எதையும் மாட்டிக்கொள்ள மாட்டான். காப்பர் டி போட்டுப் பார்த்தாள், மாதம் பத்து நாள் உதிரம் கொட்டி, படி ஏறினால் கண் இருட்டி, கடைசியில் நர்ஸ் எஸ்தர் அதை எடுத்துவிட்டு, "மாத்திரை சாப்பிடு கனி, உதிரப்போக்கும் குறையும்" என்றாள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா மாத்திரை எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டார். பி.பி. உண்டா, தலைவலி உண்டா, வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா.

"இல்ல" என்றாள் கனி. "அம்மா மஞ்சக்காமாலைல செத்தாங்க."

எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தாள். இருபது வருடமாக அந்த ஊரில் இருக்கிறவள், பூவம்மாளுக்குக் கடைசி மாதத்தில் புண் கட்டியவள் அவள்தான். "உங்க அப்பாகிட்ட ஒருதரம் கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

கனி நேராகக் கடைக்கு வந்தாள். மாடக்கண்ணு மெஷினை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், ஒரு கைப்பட்டியை மூட்டிக்கொண்டே, நடந்ததைச் சொன்னார். அவள் அழவில்லை. "இருபது வருசமாப்பா?" என்று கேட்டாள், பிறகு எழுந்து போய்விட்டாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் இரண்டு பேருமாகப் போனார்கள்.

"இதனால மாத்திரையே கூடாதுன்னு இல்ல" என்றார் டாக்டரம்மா. "குடும்பத்துல யாரோ ஒருத்தருக்கு வயசான காலத்துல வந்திருந்தா நான் தயங்காம எழுதிருவேன். ஆனா ரெண்டு மூணு பேருக்கு, அதுவும் சின்ன வயசுல வந்திருந்தா, முதல்ல பரிசோதனை பண்ணிப் பார்த்திரணும், அது ரத்தத்துலயே வருதான்னு தெரியணும். அம்மா வழியில யாரு யாருக்கு வந்துச்சு, எத்தனை வயசுல? கேட்டுட்டு வாங்க."

கேட்பதற்கு உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

மாடக்கண்ணு இருபது வருடக் கோபத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு செவல்பட்டிக்குப் போனார். வெயிலுமுத்து நாற்காலி எடுத்துப் போட்டான், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னான், கேள்வியைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினான்.

"மாப்ள, எம் மக அபிதாவுக்கு இடம் பேசிக்கிட்டிருக்கோம். திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்காக. இந்த நேரத்துல வந்து இதையா கேக்கது?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாம் மச்சான். எம் மககிட்ட சொல்லுங்க. உங்க தங்கச்சி மக."

"என்னத்தச் சொல்ல? அம்மாளப் பாம்பு கடிச்சுது."

"அக்காள?"

"அவளையும்தான்" என்றான் வெயிலுமுத்து, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செவல்பட்டியிலிருந்து வருகிற ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் ஒரு ஜாக்கெட் வந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் பாப்ளின் ஜாக்கெட், முழங்கை வரை கை, உள்ளே ஆள் இருப்பதைப் போல நிறைந்து, தலையும் இல்லாமல் கைவிரலும் இல்லாமல், மீன்காரம்மாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தது. மீன்காரம்மா கூடையைக் காலுக்கு இடையில் இழுத்துக்கொண்டு, "நல்லா சாய்ஞ்சு உக்காருங்க" என்றாள். கண்டக்டருக்குத்தான் சங்கடமாகிவிட்டது, பொம்பளைகளுக்கு டிக்கெட் இலவசம், லக்கேஜுக்குக் காசு, இதை எதில் சேர்ப்பது.

"ஏம்ப்பா, ஜாக்கெட்டுப் போட்டிருக்கது பொம்பளையில்லாம உங்க மேனேஜரா? சீட்டைக் கிழி" என்றாள் பின் சீட்டில் ஒருத்தி.

"மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"மேல இருந்துதான் வந்திருக்கும், போய்க் கேட்டுக்கோ."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்து, கொடுக்கக் கை இல்லாததால், ஜாக்கெட்டின் மேல் ஹூக்கில் செருகிவிட்டார். அது பனங்குளத்தில் இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்ப்பதைப் போல நின்று, மாடக்கண்ணுவின் கடைக்குள் வந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, இடது பக்கத்தை அவருக்குக் காட்டித் திரும்பியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இடது பக்கத் தையல் மூன்று தடவை பிரிக்கப்பட்டு மூன்று நிற நூலில் அடிக்கப்பட்டிருந்தது, யாரோ செவல்பட்டி டெய்லர், ஏன் என்று கேட்காதவன். தோள் பூவம்மாளுடைய தோள், இடது பக்கம் அரை இஞ்சு இறக்கம், அந்த இறக்கத்துக்காகவே அவர் பதினோரு வருடம் தனியாக வெட்டியிருக்கிறார். இது அவளைப் பெற்றவள். ஜாக்கெட்டைப் பார்த்துப் போட்டவளின் வயதைச் சொல்வது அவர் தொழிலில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கையின் இறுக்கமும் அடிப்பட்டியின் தேய்மானமும் சொல்லிவிடும். முப்பத்தெட்டு என்று அவர் வெட்டுத்துணி ஒன்றில் சாக்கட்டியால் எழுதினார்.

வியாழக்கிழமை பச்சை ஜாக்கெட் ஒன்று வந்தது, கை புடைத்துத் தைத்தது, இருபத்தொன்பது, அது அக்காள். அடுத்த செவ்வாய் பூப்போட்ட வாயில் துணி ஜாக்கெட், முப்பத்தைந்து, இப்படி ஒருத்தி இருந்தாள் என்றே அவருக்குத் தெரியாது, பூவம்மாளின் சித்தியாக இருக்க வேண்டும். மூன்றும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, மூன்றுக்கும் இடது பக்கம் பிரித்திருந்தது, மூன்றிலும் உள்ளே துணி மிச்சமில்லை.

அவை ஏன் வந்தன என்று பனங்குளத்தில் யாரும் கேட்கவில்லை, வந்தவர்களை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. டீக்கடைக்காரர் மூன்றும் வந்து சேர்ந்த அன்று மூன்று கிளாஸ் வைத்தார், குடிக்க ஆளில்லை என்று தெரிந்த பிறகும் மரியாதைக்காக ஒன்று வைத்துக்கொண்டிருந்தார். ஹூக் மாட்டியிருந்தால் பயணி, மாட்டாமல் மடித்திருந்தால் சுமை என்று பஸ் டிப்போவில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். அளவு கொடுக்க வந்த பெண்கள் அவற்றுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தார்கள், ஒருத்தி குனிந்து ஜாக்கெட்டிடம் ஏதோ சொல்வாள், இன்னொருத்தி பெருமூச்சு விட்டு, "எங்க அத்தைக்கும் இப்படித்தான், நாங்க இடி விழுந்துட்டுன்னு சொன்னோம்" என்பாள், போகிற வழியில் எஸ்தரிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மார்பைக் காட்டுவார்கள், அந்த மாதம் மட்டும் எஸ்தர் நாற்பத்தொரு பேருக்குப் பார்த்தாள். ஆம்பளைகள் வேறு வழியில் யோசித்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டு ஜாக்கெட்டு எதுவும் பஸ் ஏறுச்சா?" என்று கேட்க ஆரம்பித்ததும், ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைத் திறந்து செத்துப்போன பெண்களின் ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினார்கள், அந்த ஆடி மாதம் முழுக்க ஊரில் பழைய துணி எரிகிற வாடைதான், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் யாரோ ஒருவருடைய அம்மா புகைந்தாள்.

மாடக்கண்ணு சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். சாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, இனி அவன் வந்து வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று, அவர் பல வருடத்துக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

வெயிலுமுத்து வந்தான். கையில் ஒரு பெரிய கட்டைப்பை. அன்றைக்குக் கடையில் கனி இருந்தாள், மருமகளைத் தனியாக விடக் கூடாது என்று தங்கபுஷ்பமும் இருந்தாள், டீக்கடைக் கூட்டம் முழுவதும் வாசலில் இருந்தது.

"வாங்க மச்சான்" என்றார் மாடக்கண்ணு. "யாரு வந்திருக்காகன்னு பாருங்க."

வெயிலுமுத்து பெஞ்சைப் பார்த்தான். அவன் முகம் ஒரு நிமிடம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது, காப்பிக்கொட்டை நிறத்துப் பாப்ளின் பக்கம் அவன் கை தன்னால் நீண்டது. பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். கையை மடக்கிக்கொண்டான்.

"இது எங்க வீட்டுத் துணி இல்ல."

"அப்ப அந்தப் பை எதுக்குவே கொண்டாந்தீரு?" என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

"மாமா" என்றாள் கனி. எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். "நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. காப்பர் டி போட்டு உதிரம் போய்ப் போய் எனக்கு எந்திரிக்க முடியாமப் போச்சு. இந்த மாத்திரைய நான் சாப்பிடலாமா வேண்டாமான்னு டாக்டரு தீர்மானிக்கணும். ஆமான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அப்புறம் என்கூட வந்து ஒரு சின்னக் குப்பில ரத்தம் குடுங்க. அது அந்த வழில வருதான்னு பாத்துரலாம். அபிதாவுக்கும் அது நல்லது மாமா."

அபிதா பெயரைச் சொன்னதும் அவன் கழுத்து நரம்பு எழும்பியது. "எம் மக பேர இந்தக் கடைல எடுக்காத."

"எடுத்தா என்ன மச்சான்?" என்று மாடக்கண்ணு கத்தரிக்கோலோடு எழுந்தார். "எம் மக பேரு மட்டும் ஊர்ல நாறணுமா? என்னையப் பச்சையா ஏமாத்துன ஆளு நீரு. தெரிஞ்சிருந்தா மொத அரை இஞ்சுலயே நான் அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்சே மறைச்சேன்னு சொல்லும். இத்தனை பேரு முன்னால சொல்லும்."

அப்போது வாசலில் நின்ற கூட்டம் இரண்டாக விலகியது. பஸ் ஒன்றும் வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து, மாடக்கண்ணுவின் சொந்த வீட்டிலிருந்து, அவர் இருபது வருடமாகப் பூட்டிவைத்திருந்த தகரப்பெட்டியிலிருந்து, ஒரு ஊதா ஜாக்கெட் நடந்து வந்துகொண்டிருந்தது. கடைக்குள் வந்து நாலாவதாக உட்கார்ந்தது. யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கழுத்துப்பட்டியை அப்படி மடித்துத் தைக்கிறவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

கனி அதன் பக்கத்தில் போய், தொடாமல் நின்றாள்.

தங்கபுஷ்பம் நிதானமாக ஜாக்கெட்டைப் பார்த்தாள், இடது பக்கத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "காமாலைன்னு சொன்னீகளே சம்பந்தி."

மாடக்கண்ணு கையிலிருந்த கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தார்.

வெயிலுமுத்து சிரித்தான், அதைத்தான் அவர் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. "எங்க வீட்டுல பாம்பு, உங்க வீட்டுல காமாலை. சரியாப் போச்சா மாப்ள?" என்று சொல்லிவிட்டுக் காலிப் பையோடு பஸ் ஏறினான். அது வேறு, இது வேறு என்று மாடக்கண்ணுக்குத் தோன்றியது. எப்படி வேறு என்று யோசித்துப் பார்த்தார், கூட்டம் கலைந்து போகிற வரைக்கும் யோசித்தார், சொல்ல வரவில்லை.

கனி மட்டும் போகவில்லை. வெட்டுத்துணியில் எழுதியிருந்த வயதுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள், கடைசியில் முப்பத்து நாலு என்று சேர்த்தாள். அவள் எழுதி முடித்ததும் நாலு ஜாக்கெட்டுகளும் காற்று இறங்கினதைப் போலத் தளர்ந்து, ஹூக் கழன்று, வெறும் துணியாகப் பெஞ்சில் விழுந்தன.

டாக்டரம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். ஒரு டெய்லர் சொன்ன வயது என்று அவர் சிரிக்கவில்லை. மார்பைச் சோதித்தார், டவுனுக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை, கும்பிடு போட்டார்கள். ரத்தத்தை எடுத்துத் தூரத்து ஊருக்கு அனுப்பினார், இரண்டு மாதம் கழித்து வந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் ரத்தத்துல அது தெரியல. ஆனா இது பாதி விடைதான் கனி" என்றார். "அந்த வீட்டு ரத்தம் ஒண்ணு கிடைச்சாத்தான் எதைத் தேடணும்னே முழுசாத் தெரியும். உங்க மாமா வருவாரா?"

"வர மாட்டாரு."

"இப்பவும் மாத்திரை கூடவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சாப்பிட்டா அடிக்கடி வந்து காட்டணும். ஹார்மோன் இல்லாம இருக்கணும்னா மறுபடி காப்பர் டி. நீதான் முடிவு பண்ணணும்."

கனி ஒரு வாரம் யோசித்தாள். தினமும் காலையில் மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது, இன்றைக்கு இது எதை வளர்க்கப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டு விழுங்க என்னால் முடியாது, இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், இல்லை என்று தெரிந்திருந்தால் விழுங்கியிருப்பேன், பாதி தெரிந்துகொண்டு முடியாது என்று எஸ்தரிடம் சொன்னாள். மறுபடி காப்பர் டி போட்டுக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் மூன்று மாதம் சம்பந்தி வீட்டுப் பக்கம் வரவில்லை. அபிதாவுக்குத் திருப்பூரிலேயே கல்யாணம் நடந்தது. அங்கே பெண் பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்களோ, பெற்றவன் எந்தப் பாம்பை எடுத்துக் காட்டினானோ தெரியாது, பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது, மாடக்கண்ணு போகவில்லை.

கனிக்கு மாதம் பத்து நாள் எழுந்திருக்க முடியாது. அந்தப் பத்து நாளும் மாடக்கண்ணு பகலில் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்கு வருகிறார், பேத்திகளுக்குச் சோறு போடுகிறார், தண்ணீர் பிடித்து வைக்கிறார். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் நாள், அவள் பாயில் சுருண்டு படுத்திருக்கும்போது, அவளுடைய போனை எடுத்துச் செவல்பட்டிக்குப் பேசுகிறார்.

"நான்தான் மச்சான்."

"மாப்ள, அபிதா முழுகாம இருக்கா. நல்ல சேதி வந்திருக்க வீட்டுல அதையெல்லாம் இழுக்காதீக."

"ஒரு வார்த்தை மச்சான்."

போன் வைக்கப்பட்டுவிடுகிறது.

"மாமா என்ன சொன்னாக?" என்று பாயிலிருந்து கனி கேட்கிறாள், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் சொல்லல" என்கிறார் மாடக்கண்ணு.